பணிமனையில் விட்டுவந்த குரல்

மழையும் பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வந்து பழக்கமில்லாத மேலப்பாறை என்ற ஊரில், மழை எப்படியோ போகட்டும், பஸ்ஸையாவது நேரத்துக்கு வரவைத்தே தீருவேன் என்று வைராக்கியம் பிடித்து, அந்த வைராக்கியத்தில் முக்கால்வாசியை நடத்தியும் காட்டிய கோமதிநாயகம் என்கிற பணிமனை மேனேஜர், ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் கழுத்தில் சம்பங்கி மாலையும் தோளில் பொன்னாடையும் கையில் சுவர்க்கடிகாரமுமாக வீடு வந்து சேர்ந்தார். குரல் மட்டும் வந்து சேரவில்லை.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பணிமனையில் ஒருவர் ஓய்வு பெற்றால், ஒரு பஸ்ஸைக் கழுவி முன்னால் வாழைக்குலை கட்டி, வழிநெடுக ஹாரன் அடித்து, அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவது வழக்கம். அதற்கு முன்னால் அவர் மைக் பிடித்து ஏற்புரை ஆற்றுவது வழக்கம். அந்த ஏற்புரையில், “நான் எங்கயும் போயிடல, எப்போ என்ன சந்தேகம்னாலும் கேளுங்க, நான் இங்கதான் இருப்பேன்” என்று சொல்வதும் வழக்கம். டிரைவர்கள் சொல்லியிருக்கிறார்கள், மெக்கானிக்குகள் சொல்லியிருக்கிறார்கள், கேண்டீனில் வடை போட்டவர்கூடச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் யாரும் அதை நம்பிச் சொன்னதில்லை, கேட்டவர் யாரும் மிக்சர் பொட்டலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்ததுமில்லை. கோமதிநாயகம் ஒருவர்தான் அதை நெஞ்சார நம்பிச் சொன்னார். சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காகக் குரல் மேனேஜர் அறையிலேயே தங்கிவிட்டது.

வாசலில் ஆரத்தி சுற்றிய அவர் மனைவி ஆவுடையம்மாள், “காப்பி போடட்டுமா?” என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. வேலையை விட்டு வந்த துக்கம் தொண்டையை அடைக்கிறது போல என்று அவள் எண்ணிக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் காப்பியைப் போட்டுக் கொடுத்தாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் யாரையும் திருத்தவில்லை. ஆவுடையம்மாளுக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில் பணிமனையின் டைம் கீப்பர் பால்துரை, தென்காசி வண்டிக்கு டிரைவர் வராததால், பல வருஷப் பழக்கத்தில் மேனேஜர் அறைக் கதவைத் தள்ளி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, “அய்யா, தென்காசி வண்டிக்கு ஆள் வரல, என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். ஜன்னலுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவிலிருந்து கோமதிநாயகத்தின் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இதுகூடத் தெரியாதாலே? இங்க பாரு, கடையநல்லூர் டிரைவரை இதுல ஏத்து, அதுக்கு ஸ்பேர்ல இருக்கவனைப் போடு” என்றது. பால்துரை அப்படியே செய்தார், பிறகு டீ குடித்தார், டீ பாதியில் இருக்கும்போதுதான் அய்யா நேற்றே ஓய்வு பெற்றுவிட்டார் என்பது ஞாபகத்துக்கு வந்தது. உடனே போன் போட்டார்.

“அய்யா, பதறாதீய. குரலை இங்க விட்டுட்டுப் போயிட்டீய. பத்திரமா இருக்கு. நாங்க பாத்துக்கிடுதோம்.”

கோமதிநாயகம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்து திறந்து மூடினார். “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு பால்துரை வைத்துவிட்டார்.

டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டர், வெளிச்சம் அடித்து உள்ளே வெகுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, “தொண்டையில ஒரு குறையும் இல்ல, வீடு நல்லாத்தான் இருக்கு, குடியிருக்க ஆள்தான் இல்ல” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

பணிமனைக்காரர்கள் அதிசயப்பட்டு நிற்கவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. வேர்க்கும் என்று யாரோ ஒரு மேசை விசிறியை பீரோ பக்கம் திருப்பி வைத்தார்கள். முற்பகல் டீயில் ஒரு கிளாஸ் ஜன்னல் விளிம்புக்குப் போனது. “குரலுக்கு எதுக்குலே டீ?” என்று ஒருவன் கேட்டதற்கு, “டீ வரலைன்னா அய்யாவுக்குக் கோவம் வரும், நீ வாங்கிக் கட்டிக்கிடுதியா?” என்று இன்னொருவன் பதில் சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்தது. சங்கத்துக்காரர்கள் ஓய்வு பெற்றவரிடம் வேலை வாங்குவது முறையா என்று கேட்டார்கள், பிறகு அவர்களே தங்கள் மாநாட்டுக்கு எந்தத் தேதி நல்லது என்று குரலிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதில், மேற்படியாரின் உடல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவும், குரலை விடுவித்ததாக ஆணையில் எங்கும் குறிப்பில்லை என்றும் பதில் வந்தது. போகப்போக வெளியாட்களும் வர ஆரம்பித்தார்கள். முதலில் பஸ் நேரம் கேட்டார்கள், அப்புறம் எந்தக் காலேஜில் மகனைச் சேர்க்கலாம் என்று கேட்டார்கள், அப்புறம் மருமகளோடு இருப்பதா மகளோடு இருப்பதா என்று கேட்டார்கள்; கண்டக்டர் ஒருவரின் மனைவி கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சட்டியோடு வந்தாள். யார் எதைக் கேட்டாலும் குரல் ஒரு தடவைகூடத் தயங்காமல், “இதுகூடத் தெரியாதா? இங்க பாருங்க” என்று ஆரம்பித்துப் பதில் சொல்லியே அனுப்பியது.

அதற்குக் காரணம் இருந்தது. கோமதிநாயகம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து படிப்பை விட்டவரே இல்லை. டீசல் பம்ப்பைப் படித்தார், ஏர் பிரேக்கைப் படித்தார், புனலூர் வண்டிக்காக மலையாளம் படித்தார், விபத்து வழக்குகளுக்காகச் சட்டம் படித்தார், கம்ப்யூட்டர் வந்தபோது அதைப் படித்தார், பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று அதையும் படித்தார். தலைவன் என்றால் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் படிக்கப் படிக்க, மற்றவர்களுக்குப் படிக்க வேண்டிய தேவை ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயிற்று. அவர் மலையாளம் கற்றுக்கொண்டதும் புனலூர் வண்டி கண்டக்டர் மலையாளத்தை மறந்துவிட்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் இது அவர் கண்ணில் படவில்லை. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்து, வாய் பேச வழியில்லாமல் யோசித்துப் பார்க்கும்போதும் படவில்லை. ‘நான் பழக்கி வச்ச ஆட்கள், எப்படி ஒழுங்கா நடக்கானுவ பாத்தியா’ என்றுதான் முதல் கொஞ்சநாள் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அப்புறம் மகள் சிவகாமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் குடும்பத்தில் தாயைப் பெற்ற தாத்தாதான் பிள்ளையை மடியில் வாங்கி, காதில் முதன்முதலாகப் பெயர் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டினால் செல்லாது, சைகை செல்லாது, வேறு ஆள் சொன்னாலும் செல்லாது. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பெயர்சூட்டு என்று முடிவானது. பெயர் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. குழந்தை பெண்ணென்றால் கோமதி என்று அவர் எப்போதோ சொல்லி வைத்திருந்தார்.

பேத்தியின் காது ஒரு வெற்றிலைக் கொழுந்து மாதிரி இருந்தது. கோமதிநாயகம் அதற்குப் பக்கத்தில் குனிந்து வாயை அசைத்துப் பார்த்தார். காற்றுப் பட்டுப் பிள்ளை முகத்தைச் சுளித்தது. அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு பணிமனைக்குக் கிளம்பினார்.

மேனேஜர் அறையில் புது மேனேஜர் தில்ஷாத் உட்கார்ந்திருந்தாள். வாணியம்பாடிப் பக்கத்துப் பெண், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். வந்த முதல் நாளே யாரோ ஏதோ கேட்டதற்கு, “எனக்குத் தெரியலை, வாங்க பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டதால், இந்தம்மா தேறாது என்று பணிமனை மொத்தமும் முடிவு செய்திருந்தது. மரியாதைக்கு அவளிடம் ஒரு தடவை கேட்பார்கள். அவள் வாயைத் திறக்குமுன் அவள் தலைக்கு மேலாக ஜன்னலைப் பார்ப்பார்கள்.

“வாங்க சார், உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன்” என்று எழுந்து நின்றாள். “இவரைத் தயவுசெய்து கூட்டிட்டுப் போயிடுங்க. நான் போன்ல யார்கிட்டயாவது ஏதாவது கேட்டாக்கூட நடுவுல புகுந்து பதில் சொல்றார்.”

கோமதிநாயகம் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே போய் நின்று, கையைக் காட்டி அழைத்தார், நெஞ்சில் தட்டிக் காட்டினார், வாசலைக் காட்டினார். குரல் பேசவில்லை. கேள்வி கேட்டால்தான் அது பேசும். கேட்பதற்கு அவரிடம் குரல் இல்லை. மறுநாள் ஆவுடையம்மாளைக் கூட்டி வந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெற்றிடத்தைப் பார்த்து, “இந்தாருங்க, எப்போ வீட்டுக்கு வாரீய?” என்று கேட்டாள்.

“வேலை கிடக்குல்லா ஆவுடை. நீ போ. நான் வாரேன்” என்றது குரல்.

ஆவுடையம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். “கல்யாணமான நாள்லேருந்து இதே பதில்தான். ஆளை விட்டுட்டுத் தனியா இருந்தாலும் குணம் மட்டும் மாறல பாருங்க.”

இந்த நேரத்தில்தான் பணிமனைக்கு மின்சார பஸ்கள் வந்தன. ஊரில் அதைக் கரண்டு வண்டி என்றார்கள். உறுமாமல், புகை விடாமல், பூனை மாதிரி வந்து பக்கத்தில் நிற்கிற அந்த வண்டியைப் பற்றிய புத்தகங்களை வரவழைத்து, கோமதிநாயகம் விடிந்தால் அடைந்தால் படித்தார். பேட்டரி, மோட்டார், சார்ஜ் ஏற்றுகிற இடம், எது எதனால் வண்டி நகராமல் அடம்பிடிக்கும் என்பது உட்பட எல்லாவற்றையும் தமிழில் தெளிவாகத் தாளில் எழுதிக் கொண்டுபோய் பால்துரை கையில் கொடுத்தார். பால்துரை பயபக்தியோடு வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, “ஒரு நிமிஷம் இருங்கய்யா. அய்யா எழுதிக் கொடுத்தது சரியான்னு அய்யாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்” என்று உள்ளே போனார்.

“கரண்டுல பஸ்ஸா? எவன்லே சொன்னது, மூளை இருக்கா அவனுக்கு?” என்று உள்ளே குரல் கேட்டது.

பால்துரை வெளியே வந்தார். முகம் சங்கடப்பட்டிருந்தது. “தப்பா நெனைச்சுக்கிடாதீய அய்யா. அய்யாவே வேண்டாம்னுட்டாவ.”

கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். கை வலிக்கிற அளவுக்கு அடித்துக்கொண்டார். அந்தக் குரல் அவர் ஓய்வு பெற்ற சாயங்காலத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் படித்தது எதுவும் அதற்குத் தெரியாது. தெரியாது என்பதும் அதற்குத் தெரியாது. இதை யாரிடம் சொல்ல? சொன்னால் அதனிடம்தானே போய்ச் சரிபார்ப்பார்கள்!

அதற்கு மேல் ஒன்று நடந்தது. ஊரிலிருந்த அரிமா சங்கத்தார், ‘வாழ்நாள் கற்றலும் நல்ல தலைமையும்’ என்ற தலைப்பில் பேச கோமதிநாயகத்தை முன்பே அழைத்திருந்தார்கள். குரல் இல்லை என்று அவர் சைகை காட்டியதும், “அதனாலென்ன சார், கூட்டத்தைப் பணிமனையிலேயே வச்சுக்கிடுவோம்” என்று நாற்காலிகளை லாரியில் ஏற்றி வந்து, மேனேஜர் அறை ஜன்னலுக்கு வெளியே பந்தல் போட்டுவிட்டார்கள். பொன்னாடையைக் கோமதிநாயகத்துக்குப் போர்த்தினார்கள், மைக்கை ஜன்னல் பக்கம் வைத்து, “நல்ல தலைவனாவது எப்படிய்யா?” என்று குரலிடம் ஒரு கேள்வியும் கேட்டுவைத்தார்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் பேச்சைத் தானே கேட்டார்.

“நான் சேர்ந்தப்போ இந்தப் பணிமனையில ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. நான் படிச்சேன். நான் சொல்லிக் கொடுத்தேன். நான் இல்லாத நேரத்துல ஒரு வண்டி வெளிய போனதில்ல. நான் லீவு எடுத்தா…”

நல்ல கம்பீரமான குரல், ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது, ஆட்கள் அங்கங்கே கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கோமதிநாயகத்துக்குக் கொட்டாவி வந்தது. அடக்கினார், மறுபடியும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாளின் மடியில் ஆய்ந்து முடித்த முருங்கைக்கீரை இருந்தது. கையோடு கொண்டு வந்திருக்கிறாள் என்றால், இது எவ்வளவு நேரம் போகும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ‘சொல்லிக் கொடுத்தேன்னு சொல்லுதானே, யாருக்குச் சொல்லிக் கொடுத்தான்? யாருக்கு என்ன தெரியும் இப்போ?’ என்று எழுந்து ஒரு கேள்வி கேட்கவேண்டும் போல அவருக்கு வந்தது. கையைத் தூக்கினார். கும்பிடுகிறார் என்று நினைத்து எல்லோரும் திரும்பிக் கும்பிட்டார்கள்.

அன்றிலிருந்து அவருக்குப் பெருமை போய் எரிச்சல் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் பணிமனை வாசலுக்குப் போய் நின்றார். போகிறவன் வருகிறவனை எல்லாம் பார்த்து முறைத்தார். ‘அதுட்ட கேக்காதலே, நீயே யோசிலே’ என்று வாயை அசைத்தார். “அய்யா ஆசீர்வாதம் பண்ணுதாவ” என்று சொல்லி அவர்கள் குனிந்துவிட்டுப் போனார்கள்.

பெயர்சூட்டுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட நேரத்தில், ஒரு கரண்டு வண்டி பணிமனை வாசலில் சரியாகக் குறுக்கே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் எல்லா பஸ்ஸும் வரிசை கட்டி நின்றன. வாசலுக்கு வெளியே பிள்ளைகள் பையோடு நின்றார்கள், மார்க்கெட்டுக்குப் போகிற பூக்காரிகள் கூடையோடு நின்றார்கள், ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

பால்துரை ஓடிப் போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தார். “டீசல் லைன்ல காத்துப் புடிச்சிருக்காம். காத்தை எடுத்துட்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுதாவ!”

மெக்கானிக்குகள் உடனே ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார்கள். டீசலே இல்லாத வண்டிக்கு அடியில், ஆளுக்கு ஒரு மூலையாகப் படுத்துக்கொண்டு, டீசல் லைனைத் தேடினார்கள். “கிடைச்சுதாலே?” “இல்ல, அங்கிட்டுப் பாரு!” “அய்யா சொன்னா இருக்கும்லே, நல்லாத் தேடு!” என்று அடியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து குரல் வேறு, “இதுகூடத் தெரியாதாலே? டீசல் லைனைப் பாருங்கலே!” என்று விடாமல் கத்தியது. கோமதிநாயகம் பணிமனை நடுவில் நின்று, மேல்துண்டை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார்.

தில்ஷாத் அறையிலிருந்து இறங்கி வந்தாள். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்து வண்டியை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள்.

“எல்லாரும் வெளியே வாங்க. இதுல டீசல் கிடையாது.”

“அய்யா சொன்னாவளே மேடம்” என்று அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“அவர் சொல்லட்டும். வண்டி ஏன் நகரலைன்னு எனக்குத் தெரியாது. கம்பெனிக்காரங்களுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க. பால்துரை அண்ணே, நீங்க என்ன நினைக்கிறீங்க?”

பணிமனைக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் பால்துரையை அப்படிக் கேட்டதில்லை. அவர் தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டார். “நானா? எனக்கென்ன மேடம் தெரியும்… நான் டைம் பாக்கவன்…” என்று இழுத்தார். தில்ஷாத், சொல்லுங்க என்று கையைக் காட்டினாள். வெளியே ஒரு பிள்ளை, “பரீச்சை இருக்கு, சீக்கிரம்!” என்று கத்தியது.

“ஒண்ணுமில்ல மேடம். எங்க வீட்டுல துணி துவைக்க மெஷின் ஒண்ணு இருக்கு. கதவைச் சரியா மூடலன்னா ஓடாது, எத்தனை தட்டு தட்டினாலும் ஓடாது. இதுவும் கரண்டுதானே… எதாவது கதவு சரியா மூடாம இருக்குமோன்னு…” என்று சொல்லிவிட்டு, அடிபடப் போகிறவர் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டார்.

யாரும் அடிக்கவில்லை. முன்கதவை மூடிப் பார்த்தார்கள். நகரவில்லை. பின்கதவை மூடிப் பார்த்தார்கள். டிரைவர் பக்கத்துக் கதவை ரெண்டு ஆள் சேர்ந்து அழுத்திப் பார்த்தார்கள். நகரவில்லை. பால்துரையின் முகம் செத்துப்போயிற்று. எல்லோரும் பழக்கத்தில் மேனேஜர் அறை ஜன்னலைப் பார்த்தார்கள். அது டீசல் லைன், டீசல் லைன் என்று கத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுத்து, மெல்ல மெல்ல, தரையில் கிடந்த மேல்துண்டுக்குப் பக்கத்தில் நின்ற கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள்.

அவருக்குத் தெரியும். வண்டியின் பின்பக்கம், சார்ஜ் ஏற்றுகிற இடத்தில் ஒரு மூடி. அது முழுசாகப் படியாவிட்டால் வண்டி நகராது. அவரே எழுதி, பால்துரை கையிலேயே கொடுத்த தாளில் இருந்ததுதான். அதோ, ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கிறது, நின்ற இடத்திலிருந்தே பார்க்கிறார். விரலை நீட்டினால் போதும். விரல் பாதி நீண்டும் விட்டது.

அப்போதுதான் அந்த முகங்களை அவர் பார்த்தார். பால்துரை, மெக்கானிக்குகள், கண்டக்டர்கள், எல்லார் வாயும் ஒரே அளவுக்குத் திறந்திருந்தது. அந்த வாய்களை அவர் வேலை பார்த்த காலம் பூராவும் பார்த்திருக்கிறார். கவனம் என்று நினைத்திருந்தார், மரியாதை என்று நினைத்திருந்தார். இப்போது விரலைக் காட்டினால் இன்றைக்கு வண்டி போய்விடும், நாளைக்கு இன்னொரு விசிறி வாங்கி வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள்.

“சார், உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் தில்ஷாத்.

கோமதிநாயகம் விரலை மடக்கி வேட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அது அங்கே கிடந்து துடித்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மனசில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, பொய்தான், ஆனாலும், தலையை இடதும் வலதுமாக ஆட்டினார்.

“தெரியாது” என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஜன்னலுக்குள்ளே “டீசல்…” என்று ஆரம்பித்த சொல் பாதியில் அறுந்திருந்தது. மேசை விசிறி மட்டும் வெறும் இடத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. குரல் வந்துவிட்டது, தொண்டைக்குள், கொஞ்சம் தூசியோடு, டீ வாசனையோடு உட்கார்ந்திருக்கிறது!

“எலேய், குரல் வந்துட்டுலே!” என்று கத்தினார்.

யாரும் கேட்கவில்லை. “இருங்க, இருங்க! பின்னால ஒரு மூடி இருக்குல்லா!” என்று கத்திக்கொண்டே பால்துரை வண்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் ஓடியது. டப் என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பால்துரையைத் தோளில் தூக்கினார்கள், அவர் அங்கிருந்தபடியே, “தென்காசி வண்டியை முதல்ல விடு! பிள்ளைகளை ஏத்து!” என்று யாரையும் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் மேல்துண்டை எடுத்து உதறினார். “எனக்கு அப்பமே தெரியும்” என்று சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் தில்ஷாத் மட்டும் நின்றாள். சற்றுமுன் அவர் வேட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கையை அவள் பார்த்துவிட்டு, “தெரியும்னு எனக்கும் தெரியும் சார். டீ சாப்பிட்டுப் போங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து, “ஆவுடை, காப்பி போடு” என்றார். அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். “வந்துட்டா?” என்றாள். “ம்… நல்லாத்தான் இருந்துச்சு இத்தனை நாளும்.”

வெள்ளிக்கிழமை வீடு நிறைந்த சொந்தக்காரர்கள். தொட்டிலுக்குப் பின்னால் சுவரில், தெர்மகோலில் வெட்டிய கோமதி என்ற எழுத்துகள் ஜிகினாப் பொடியோடு மின்னின. கோமதிநாயகம் சம்மணமிட்டு உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கினார். காதில் குனிந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தார். மகள், மருமகன், சம்பந்தி, அத்தனை பேர் வாயும் அதே அளவுக்குத் திறந்திருந்தது.

அவருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. “ஏட்டி சிவகாமி, பெத்தவ நீ. என்ன பேரு வைக்கணும்?”

“நீங்கதான் சொல்லணும்ப்பா.”

“எனக்குத் தெரியாது.”

கூடம் கசமுசவென்றது. குரல் திரும்பி வந்ததில் ஏதோ கோளாறு என்று சம்பந்தி கிசுகிசுத்தார். மருமகன் தெர்மகோல் எழுத்துகளை நைசாகக் கண்ணால் காட்டினார். சிவகாமி புருஷனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஆவுடையம்மாள் முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டாள். நகத்தைக் கடித்துக்கொண்டே, சின்னக் குரலில், “சாரல்” என்றாள் மகள்.

“என்னது?”

“சாரல்ப்பா. காலேஜ் படிக்கும்போதே நெனைச்சு வச்சிருந்தேன். பொண்ணு பிறந்தா சாரல்னு.”

சாரலா? சாரல் என்று ஒரு பெயரா? நனைக்கிறதுமில்லை, காய விடுகிறதுமில்லை, அதை ஒரு பிள்ளைக்கு வைப்பார்களா? ‘இதுகூடத் தெரியாதா, இங்க பாரு’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கினார். எளிதில் இறங்கவில்லை, இன்னொரு தரம் விழுங்க வேண்டியிருந்தது.

“இதை முன்னாலேயே சொல்லுறதுக்கு என்ன? எழுத்தெல்லாம் வெட்டி ஒட்டியாச்சு!”

“நீங்க எப்பப்பா கேட்டீய?”

வெளியே வெயில் பளீரென்று அடித்தது, மழைக்கு அறிகுறியே இல்லை, தெருமுனையில் தென்காசி வண்டி நேரத்துக்கோ நேரம் தப்பியோ ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. கோமதிநாயகம் அந்தச் சின்னக் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தூசி இன்னும் முழுசாகப் போகாத குரலில், முதல் தடவை பாடம் ஒப்பிக்கிறவனைப் போலத் தட்டுத்தடுமாறி, மகள் சொன்ன பெயரைச் சொன்னார்.